பச்சை வேறு, காடு வேறு

அமெரிக்காவில் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கம் வெட்ட வருகிறவர், முதல் பிடி மண்ணை அள்ளும் முன்பே அரசிடம் பிணைத்தொகை கட்டியாக வேண்டும். நிலக்கரியை எடுத்து முடித்து, குழியை மூடி, அதன்மேல் செடிகொடிகளை வளர்த்துக் காட்டினால்தான் அந்தத் தொகை முழுதாகத் திரும்பும். பாதியில் விட்டுவிட்டுப் போனால், அரசு அந்தப் பணத்தைக் கொண்டு தானே நிலத்தைச் சீர்செய்யும். 1977 ஆகஸ்ட் 3 அன்று அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சுரங்க நில மீட்புச் சட்டம் செய்த ஏற்பாடு இது.

தொகை ஒரே தவணையில் திரும்புவதில்லை. குழியை நிரப்பிச் சரிவைச் சீராக்கியதும் 60 சதவீதம் வரை விடுவிக்கலாம். தாவரங்கள் வேரூன்றியதும் இன்னொரு பகுதி. எல்லாக் கடமையும் முடிந்தபின் மிச்சம். மண்ணை நிரப்பியாகிவிட்டதா என்பதை அளவுகோல் வைத்துச் சொல்லிவிடலாம். தாவரங்கள் திரும்பிவிட்டனவா என்பதை யார், எப்போது, எதை எண்ணிச் சொல்வது? அந்த வட்டாரத்துக்கு உரிய, பல வகைப்பட்ட, நிலைத்து நிற்கும் தாவரப் போர்வை வேண்டும் என்கிறது சட்டம். இதை அளவாக மாற்றும் முயற்சியில் பிறந்ததுதான் சுரங்க நிலத் தாவர மதிப்பீடு. எதை எண்ணினார்களோ அதையே நிலம் விளைவித்துக் கொடுத்தது என்பதுதான் கடந்த அரை நூற்றாண்டில் இந்தத் துறை கற்றுக்கொண்ட பெரிய பாடம்.

நாடாவும் கம்பியும்

ஆய்வாளர் 50 மீட்டர் நாடா ஒன்றை நிலத்தின்மேல் இழுத்துக் கட்டுகிறார். எங்கே கட்டுவது என்பதை அவர் கண் முடிவு செய்யக் கூடாது. கண் எப்போதும் செழிப்பான இடத்தைத் தேடித்தான் போகும். அதனால் வரைபடத்தில் குலுக்கல் முறையில் விழுந்த புள்ளிகளிலிருந்தே நாடா தொடங்கும். பிறகு அரை மீட்டருக்கு ஒருமுறை மெல்லிய கம்பியைச் செங்குத்தாக இறக்குகிறார். கம்பியின் முனை முதலில் தொட்டது எது? இலையா, சருகா, கல்லா, வெறும் மண்ணா? இலை என்றால் எந்தச் செடியின் இலை? 100 புள்ளிகளில் 63 இடங்களில் இலையைத் தொட்டிருந்தால் அந்தக் கோட்டில் தாவரப் போர்வை 63 சதவீதம்.

இன்னொரு முறை சட்டகம் வைத்துப் பார்ப்பது. 1959-ல் ரெக்ஸ்ஃபோர்ட் டாபென்மயர் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் 20 செ.மீ.க்கு 50 செ.மீ. அளவுள்ள சிறிய செவ்வகச் சட்டகத்தைப் பரிந்துரைத்தார். சட்டகத்தைத் தரையில் வைத்து, ஒவ்வொரு செடியும் அதற்குள் எவ்வளவு இடத்தை மூடுகிறது என்று மேலிருந்து பார்க்க வேண்டும். துல்லியமான சதவீதத்தை அவர் கேட்கவில்லை. 5-க்குள், 5 முதல் 25, 25 முதல் 50, 50 முதல் 75, 75 முதல் 95, அதற்கு மேல் என ஆறு படிகள் வைத்தார். ஒரே சட்டகத்தைப் பார்க்கும் இருவரில் ஒருவர் 30 என்றும் இன்னொருவர் 40 என்றும் சொல்லக்கூடும். ஆனால் இருவருமே அதை மூன்றாம் படியில்தான் வைப்பார்கள். பல ஆண்டுகள், பல ஆட்கள் மாறி மாறி அளக்கும் நிலத்தில் இந்தப் பொதுமை பெரிய உதவி.

அளந்து கிடைத்த எண்ணை எதனோடு ஒப்பிடுவது? பக்கத்தில் தோண்டப்படாமல் கிடக்கும் நிலத்தோடு ஒப்பிடலாம். அல்லது அந்த மாநிலம் முன்கூட்டியே ஏற்றுக்கொண்ட தர அளவோடு ஒப்பிடலாம். அமெரிக்க விதிப்படி, அந்த அளவில் 90 சதவீதத்தை எட்டினால் தேர்ச்சி. நாலு இடத்தில் அளந்துவிட்டு எட்டிவிட்டோம் என்று சொல்ல முடியாது. 90 சதவீத நம்பகத்தன்மையோடு சொல்லும் அளவுக்கு மாதிரிகள் எடுத்திருக்க வேண்டும். நிலம் எவ்வளவு திட்டுத்திட்டாக இருக்கிறதோ அவ்வளவு அதிகமாக நாடா இழுக்க வேண்டியிருக்கும்.

காலக்கெடுவும் உண்டு. கடைசியாக விதை தூவி, உரம் போட்டு, நீர் பாய்ச்சிய ஆண்டிலிருந்து 5 ஆண்டுகள் அந்தத் தாவரங்கள் தாமாக நின்று காட்ட வேண்டும். ஆண்டு மழை 26 அங்குலம், அதாவது சுமார் 660 மி.மீ. அல்லது அதற்கும் குறைவாக உள்ள வறண்ட பகுதிகளில் 10 ஆண்டுகள். காடாகத் திருப்பித் தரவேண்டிய நிலமென்றால் மரங்களில் 80 சதவீதம், அந்தக் காலக்கெடுவில் குறைந்தது 60 சதவீதக் காலமாவது அங்கேயே நின்றிருக்க வேண்டும். தணிக்கைக்கு முந்தின மாதம் கன்றுகளை நட்டுக் கணக்குக் காட்டுவதைத் தடுக்கும் விதி இது.

காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல முடியாத ஏற்பாடு.

புல் வென்ற மலைகள்

கென்டக்கி, மேற்கு வர்ஜீனியா, வர்ஜீனியா மாநிலங்களின் அப்பலாச்சிய மலைகள், குளிர்காலத்தில் இலையுதிர்க்கும் ஓக், மேப்பிள், ஹிக்கரி, டியூலிப் மரங்களின் காடுகள். இலையுதிர் காடுகளில் உலகிலேயே இனவளம் மிகுந்தவற்றுள் இவையும் சேரும். புதிய சட்டத்தின்கீழ் மட்டும் இந்த மலைத்தொடரில் 6,00,000 ஹெக்டேருக்கும் மேல் தோண்டப்பட்டது. தேர்வில் பெரும்பாலான இடங்கள் தேறின. ஆனால் காடு திரும்பவில்லை.

காரணம், அளவுகோலில் முதலிடம் பெற்றது தரையை மூடும் பச்சை. அதைச் சீக்கிரமாகவும் மலிவாகவும் கொண்டுவரும் வழி புல். ஐரோப்பாவிலிருந்து வந்த உயர ஃபெஸ்க்யூ புல்லையும் கிழக்காசியாவிலிருந்து வந்த லெஸ்பெடீசா என்ற பயறு வகைச் செடியையும் உரத்தோடும் நீரோடும் கலந்து சரிவுகளில் பீய்ச்சி அடித்தார்கள். ஓரிரு பருவத்தில் மலை பச்சையானது, மண் அரிப்பும் குறைந்தது. அந்தப் பச்சைக்குள் நட்ட மரக்கன்றுகளின் கதை வேறு. இடுப்பளவுக்கு வளரும் லெஸ்பெடீசா அவற்றின் வெயிலையும் நீரையும் பறித்துக்கொண்டது. அடர்ந்த புல்லுக்குள் பதுங்கிய வயல் எலிகள் கன்றுகளின் பட்டையைக் கடித்துத் தின்றன.

அதைவிடப் பெரிய சிக்கல் மண்ணுக்குள் இருந்தது. 1972 பிப்ரவரி 26 அன்று மேற்கு வர்ஜீனியாவின் பஃபலோ கிரீக் பள்ளத்தாக்கில் நிலக்கரிக் கழிவு அணை உடைந்து 125 பேர் இறந்தார்கள். மலைச்சரிவுகளில் கொட்டிய சுரங்க மண் சரிந்துவிடும் ஆபத்தும் எப்போதும் இருந்தது. அந்த அச்சம் நியாயமானது. அதனால் சட்டம் வந்தபின் புல்டோசர்கள் திரும்பத் திரும்ப ஓடி, மண்ணை வழவழப்பாக இழைத்து இறுக்கின. நல்ல காட்டு மண் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 முதல் 1.3 கிராம் எடை இருக்கும். அது 1.7 கிராம் அளவுக்கு இறுகிவிட்டால் வேர்கள் உள்ளே போகத் திணறும். மழைநீர் இறங்காமல் மேலோடு வழிந்துவிடும். ஆழமில்லாத வேரோடு புல் அங்கே பிழைத்துக்கொள்ளும். ஓக் மரத்தால் முடியாது.

நாடாவும் கம்பியும் இதைக் காட்டவில்லை. கம்பி தொட்டது இலையை, வேரை அல்ல.

உண்மையை உணர்த்தியவை பழைய சுரங்கங்கள். சட்டம் வருவதற்கு முன்பு தோண்டி, மண்ணைக் குவியல் குவியலாகக் கொட்டிவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போன சில இடங்களில் நல்ல காடுகள் எழுந்திருந்தன. வர்ஜீனியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் பர்கர் போன்ற வனவியல் அறிஞர்கள் அந்தக் காடுகளை ஆராய்ந்தார்கள். கென்டக்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1996, 1997-ல் ஸ்டார்ஃபயர் சுரங்கத்தில் நேரடியாகவே சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதி மண்ணை வழக்கம்போல இறுக்கினார்கள். இன்னொரு பகுதியில் தளர்வாகக் கொட்டி, குவியல்களின் தலையை மட்டும் லேசாகத் தட்டிவிட்டார்கள். மூன்றாவது பகுதியில் கொட்டியதைத் தொடவே இல்லை. மூன்றிலும் ஒரே வகைக் கன்றுகள். தளர்ந்த மண்ணில் நின்றவை பிழைப்பிலும் வளர்ச்சியிலும் இறுகிய மண்ணில் நின்றவற்றைத் தெளிவாக முந்தின.

மண்ணை நிரப்பும்போது எந்தப் பாறையை மேலே போடுகிறோம் என்பதும் முக்கியம் என்பது 2005-ல் கென்டக்கியின் பென்ட் மலையில் தொடங்கிய சோதனையில் தெரிந்தது. நெடுங்காலம் காற்றும் மழையும் பட்டுச் சிதைந்த பழுப்பு மணற்கல் மேலே இருந்த இடத்தில் மரங்கள் ஓங்கின. சுற்றுப்புறக் காட்டின் செடிகளும் யாரும் விதைக்காமலே வந்து முளைத்தன. ஆழத்திலிருந்து வந்த சாம்பல்நிற மணற்கல்லில் இரண்டும் மந்தமாகவே நடந்தன.

ஸ்டார்ஃபயர் போன்ற முந்தைய சோதனைகளின் பலனாக 2004-லேயே மாநில, மத்திய அதிகாரிகள் சேர்ந்து அப்பலாச்சிய மறுவனமாக்க முயற்சியைத் தொடங்கினார்கள். அதன் வழிமுறை ஐந்தே படிகள். வேர் இறங்கக் குறைந்தது 4 அடிக்கு நல்ல மண் போடு. அதைத் தளர்வாக விடு. மரங்களோடு மல்லுக்கு நிற்காத செடிகளை மட்டும் தரையில் விதை. முன்னோடி மரங்களையும் நெடுநாள் நிற்கும் மரங்களையும் கலந்து நடு. நடுவதைச் சரியாக நடு. மூன்றாம் படியின் உள்ளர்த்தம், முதல் ஓரிரு ஆண்டுகளில் தரை முழுதும் பச்சையாக இல்லாவிட்டாலும் பொறுத்துக்கொள் என்பது. பல ஆண்டுகள் முழுப் பச்சையைத் தேடிவந்த தணிக்கையாளர்களுக்கு இது பெரிய மனமாற்றம்.

வானிலிருந்து பார்த்தால்

1972-ல் அமெரிக்கா முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோளை ஏவியது. உயிருள்ள இலை சிவப்பு ஒளியை ஒளிச்சேர்க்கைக்காக உறிஞ்சிக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. இந்த இரண்டின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் -1 முதல் 1 வரை ஒரு எண் கிடைக்கும். வெறும் மண்ணுக்கு அது பூச்சியத்தை ஒட்டி இருக்கும். அடர்ந்த காட்டுக்கு 0.8-ஐத் தாண்டும். இதற்குத் தாவரக் குறியீடு என்று பெயர்.

2008-ல் லேண்ட்சாட் படக் களஞ்சியம் முழுவதும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டபோது, ஒவ்வொரு சுரங்கத்துக்கும் வாழ்க்கை வரலாறு எழுதும் வாய்ப்பு வந்தது. 30 மீட்டர் சதுரத் துண்டு ஒன்றின் குறியீட்டை ஆண்டுவாரியாக வரைந்தால், காடு அழிக்கப்பட்ட ஆண்டில் கோடு செங்குத்தாக விழும். மூடி விதைத்த ஆண்டில் மேலே ஏறத் தொடங்கும். எவ்வளவு வேகமாக ஏறியது, எந்த உயரத்தில் நின்றுவிட்டது என்பதெல்லாம் தெரியும். நாடாவால் எட்ட முடியாத பரப்பையும் காலத்தையும் இது எட்டுகிறது.

ஆனால் குறியீடு பச்சையின் அளவைச் சொல்லும். அது எதனுடைய பச்சை என்று சொல்லாது. ராமநாதபுரத்துத் தரிசில் கோடையிலும் பச்சையாக நிற்கும் சீமைக்கருவேலம் செயற்கைக்கோளின் கண்ணுக்கு வளமான தோப்பாகவே தெரியும். அப்பலாச்சியாவின் லெஸ்பெடீசா புதரும் அப்படித்தான். இதற்கு ஆய்வாளர்கள் கண்ட ஒரு வழி, படம் எடுக்கும் பருவத்தை மாற்றுவது. சுரங்க நிலத்தை மூட என்று ஒருகாலத்தில் அமெரிக்காவில் நட்ட, இன்று தானாகவே பரவிவரும் ஆட்டம் ஆலிவ் என்ற ஆசியப் புதர், உள்ளூர் மரங்கள் இலையுதிர்த்த பிறகும் சில வாரம் பச்சையாக நிற்கும். அந்தச் சில வாரத்துப் படங்களில் அது தனித்துத் தெரிந்துவிடும். காட்டுக்குள் நடந்துபோய்ப் பெயர் கேட்பதற்கு இது மாற்று ஆகாது. எங்கே நடந்து பார்க்க வேண்டும் என்று வழிகாட்டும்.

இனங்களை எண்ணியபோது

மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரை ஒட்டிய டார்லிங் மலைத்தொடரில் வேறொரு அளவுகோலை எடுத்துக்கொண்டார்கள். அங்குள்ள ஜாரா காட்டின் பெருமரம் தைலமரத்தின் ஒரு வகை. அதன் நிழலில் 700-க்கும் மேற்பட்ட தாவர இனங்கள் வாழ்கின்றன. அவற்றுக்கு அடியில் சில மீட்டர் ஆழத்திலேயே பாக்சைட் என்னும் அலுமினியத் தாது. 1963-ல் அல்கோவா நிறுவனம் அதைத் தோண்டத் தொடங்கியது. ஆரம்பத்தில் குழிகளை மூடிப் பைன் மரங்களையும் கிழக்கு ஆஸ்திரேலியத் தைலமரங்களையும் நட்டார்கள். 1988 முதல் அந்தக் காட்டுக்கே உரிய ஜாரா, மரி ஆகிய மரங்கள் மட்டுமே வளர்க்கப்படுகின்றன.

அங்கே மதிப்பீட்டின் மையக் கேள்வி, எத்தனை இனம் திரும்பியது என்பது. மீட்ட பிறகு 15-ஆம் மாதத்தில் நிலையான அளவுள்ள கட்டங்களில் ஒவ்வொரு செடியையும் இனம்பிரித்து எண்ணி, தோண்டாத காட்டில் அதே அளவு கட்டத்தில் உள்ள இனங்களோடு ஒப்பிட்டார்கள். 15 மாதம் அவசரமான கெடுவாகத் தோன்றலாம். ஆனால் ஜாரா காட்டில் முதல் ஓரிரு ஆண்டில் முளைத்த இனங்களே பிற்காலத்திலும் நிலத்தின் தன்மையைத் தீர்மானிக்கின்றன. விடுபட்டவை பின்னால் தாமாக வந்து சேர்வது அரிது.

இனத்தை எண்ணத் தொடங்கியதும் வேலை செய்யும் முறையே மாறியது. காட்டின் விதைகளில் பெரும்பகுதி மேலே உள்ள சில சென்டிமீட்டர் மண்ணில் உறங்குகிறது. ஆகவே அந்த மெல்லிய மேல்மண்ணைத் தனியாகச் சீவி எடுத்து, குவித்து வைக்காமல், மூடத் தயாராக இருக்கும் அடுத்த குழியின்மேல் நேராகப் பரப்பினார்கள். குவியலில் கிடந்தால் விதையும் வேரோடு வாழும் பூஞ்சையும் செத்துப்போகும். குழியின் அடித்தரையை ஆழமாக உழுது தளர்த்தினார்கள். காட்டுத்தீயின் புகை பட்டால்தான் விழிக்கும் விதைகளுக்குப் புகையூட்டினார்கள். புகையில் விதையை எழுப்பும் பொருள் எது என்பதை மேற்கு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகளே 2004-ல் பிரித்தெடுத்து அறிவித்தார்கள். இன்று அதன் பெயர் கர்ரிகின். விதையால் பெருகாத இனங்களைத் திசு வளர்ப்பில் உருவாக்கிக் கையால் நட்டார்கள். 2001-ல் இன எண்ணிக்கை சராசரியாகத் தோண்டாத காட்டின் அளவை எட்டியது.

செடிகளை மட்டும் எண்ணினால் போதாது என்று காட்டியவர் பெர்த்தைச் சேர்ந்த ஜொனாதன் மேஜர். 1970-களிலிருந்து அவர் இந்தக் குழிகளில் எறும்புகளை எண்ணினார். வாய் தரைமட்டத்தில் இருக்கும்படி சிறு குப்பிகளைப் புதைத்து, கெடாமல் காக்கும் திரவத்தை உள்ளே ஊற்றி வைத்தால், நடந்துபோகும் எறும்புகள் தவறி விழும். சில நாள் கழித்து எடுத்து இனம்பிரிக்கலாம். அங்குள்ள பல அகேசியா விதைகளின் நுனியில் கொழுப்புச் சதை ஒன்று இருக்கும். எறும்பு அதற்காக விதையைப் புற்றுக்கு இழுத்துச் சென்று, சதையைத் தின்றுவிட்டு விதையை மண்ணுக்குள் விட்டுவிடும். எந்த எறும்பு திரும்பியிருக்கிறது என்று தெரிந்தால், விதை பரவும் வேலை அங்கே மறுபடி தொடங்கிவிட்டதா என்றும் ஊகிக்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் இன எண்ணிக்கை முழு உண்மையைச் சொல்லிவிடவில்லை. தோண்டாத ஜாரா காட்டில் தீக்குப் பின் அடித்தண்டிலிருந்து துளிர்க்கும், நெடுங்காலம் வாழும் செடிகள் அதிகம். மீட்ட குழிகளில் விதையிலிருந்து வேகமாக எழுந்து சில ஆண்டுகளில் மடியும் இனங்கள் ஓங்கின. எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் சேர்க்கை வேறு. பன்னாட்டுச் சூழல் மீட்புச் சங்கம், 2019-ல் வெளியிட்ட தன் தர நெறிகளில், ஆறு பண்புகளைத் தனித்தனியாக மதிப்பிட்டு ஐந்து நட்சத்திரம் வரை தரச் சொல்கிறது. அச்சுறுத்தல்கள் நீங்கியது, மண்ணும் நீரும், இனச் சேர்க்கை, காட்டின் அடுக்கமைப்பு, உயிர்ச் செயல்பாடுகள், சுற்றுப்புறத்தோடு உள்ள கொடுக்கல் வாங்கல் ஆகியவை அந்த ஆறு. 2024-ல் வெளியான ஒரு ஆய்வு இந்த நெறிகளை வைத்து ஜாரா மீட்பை அளந்து, ஐந்துக்கு இரண்டு நட்சத்திரமே கொடுத்தது.

நெய்வேலிக்கு எந்த அளவுகோல்?

இந்தியாவில் எடுக்கும் நிலக்கரியில் 90 சதவீதத்துக்கும் மேல் திறந்தவெளிச் சுரங்கங்களிலிருந்து வருகிறது. 2009 முதல், சுரங்கத்தை மூடும் செலவுக்காக நிறுவனங்கள் தனிக் காப்புக் கணக்கில் பணம் போட்டுவர வேண்டும் என்ற நெறி இருக்கிறது. 2020 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம், தோண்டி முடித்த நிலத்தில் மீண்டும் புல் வளர்த்து, தீவனமும் தாவரமும் விலங்கும் பெருகத் தகுந்த நிலையில் ஒப்படைக்க வேண்டும் என்பதைக் குத்தகை நிபந்தனையாக்கச் சொன்னது. பெரிய நிலக்கரிச் சுரங்கங்களை ராஞ்சியில் உள்ள மத்திய சுரங்கத் திட்ட நிறுவனம் செயற்கைக்கோள் படங்களால் கண்காணிக்கிறது. எவ்வளவு பரப்பு தோண்டப்படுகிறது, எவ்வளவு நிரப்பப்பட்டது, எவ்வளவில் மரம் நட்டாயிற்று என்று அந்த அறிக்கைகள் சொல்கின்றன.

இவையெல்லாம் தேவையான தொடக்கம். ஆனால் அப்பலாச்சியா இடறிய இடமும் இதுவேதான். புல்லும் பரப்பளவும் மட்டுமே கணக்கில் ஏறினால், வேகமாக வளரும் ஓரிரண்டு மரங்களும் புல்லும்தான் நிலத்தில் ஏறும்.

1957-ல் நேரு தொடங்கிவைத்த நெய்வேலிச் சுரங்கத்தை எடுத்துக்கொள்வோம். பழுப்பு நிலக்கரிக்கு மேலிருக்கும் கடலூர் மணற்கல்லும் களிமண்ணும் பெயர்த்துக் கொட்டப்பட்டு மேடுகளாகின்றன. இந்த மேடுகளை எதனோடு ஒப்பிடுவது? கடலூர், விழுப்புரம், புதுச்சேரிக் கரையோரம் ஒருகாலத்தில் உலர் பசுமைமாறாக் காடு பரவியிருந்தது. அதன் மிச்சங்கள் இன்று பெரும்பாலும் கோயில் காடுகளாகவே பிழைத்திருக்கின்றன. புதுச்சேரிக்கு அருகே உள்ள புத்துப்பட்டுக் கோயில் காடு அவற்றில் தாவரவியலாளர்கள் நன்கு ஆராய்ந்த ஒன்று. வீரை, காயா, பாலை மரங்கள் எந்த மண்ணில், எந்த நெருக்கத்தில் நிற்கின்றன, அடியில் என்ன கொடிகள் படர்கின்றன என்பதெல்லாம் அங்கே நேரில் பார்த்து எழுத முடியும். ஒப்பீட்டு நிலம் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை.

அந்தக் காட்டிலும் சுரங்க மேட்டிலும் ஒரே அளவு நிலையான கட்டங்களைக் குறித்து, மழை முடிந்த அதே பருவத்தில், முதல் ஆண்டு, ஐந்தாம் ஆண்டு, பதினைந்தாம் ஆண்டு என்று திரும்பத் திரும்ப எண்ண வேண்டும். இலைப் போர்வை எவ்வளவு என்பதோடு, உள்ளூர் இனங்கள் எத்தனை, நட்டவை எத்தனை, தானாக முளைத்தவை எத்தனை என்று தனித்தனிப் பத்தியில் எழுத வேண்டும். அதே கட்டத்தில் மண்ணின் இறுக்கத்தையும் அளக்க வேண்டும். தானாக முளைத்த வீரைக் கன்று ஒன்று ஒரு கட்டத்தில் பதிவானால், பழம் தின்ற பறவையோ விலங்கோ அந்த மேட்டுக்கு வந்து போயிருக்கிறது என்று பொருள். நட்டுவைத்த ஆயிரம் கன்றுகளின் பட்டியலில் அந்தச் செய்தி கிடைக்காது. காப்புக் கணக்கிலிருந்து பணத்தை விடுவிக்கும் முன் இந்தப் பத்திகளை நிரப்பச் சொல்ல வேண்டும். நிரப்பிய எண்களை, நிலத்தைக் கொடுத்த ஊர்க்காரர்கள் படித்துக் கேள்வி கேட்கும்படி, தமிழில் வெளியிடவும் வேண்டும்.